எங்கள் கொல்லைக்கு வரும் இரண்டு ஸ்பிங்க்ஸ்

ஒரே நாளில் அம்மா இரண்டு புகார் சொன்னார். நந்தியாவட்டையில் பூஜைக்குப் பூ இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்த பின்சுவரில் மறுபடியும் கறை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை பெரிதெல்லாம் இல்லை. கிணற்றை ஒட்டி ஆளுயர நந்தியாவட்டை, ஏழெட்டு அடி தள்ளி ஒரு கொய்யா, துணி காயப்போடக் கொஞ்சம் வெயில், அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் நெட்டிலிங்க மரங்கள் நான்கு வரிசையாக நிற்கின்றன. நந்தியாவட்டை தினமும் காலையில் ஒரு கிண்ணம் பூ கொடுக்கும். அந்த ஆனி மாத வாரத்தில் பூவும் இல்லை, உச்சிக் கிளைகளில் இலையும் இல்லை. வெறும் காம்பு நின்றது. “ஆடு எட்டிக் கடிச்சிருக்கும்” என்றார் அம்மா. ஆடு புகுகிற மாதிரி எங்கள் கொல்லைக்கு வழியே கிடையாது.

கண்டுபிடித்தது என் மகள். கிணற்று மேடையில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டை உருண்டையாக எச்சம் கிடந்தது. அதற்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்திருக்கிறாள். நடுவிரல் நீளத்துக்கு இலைப்பச்சையில் ஒரு புழு. பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள், வால் பக்கம் மஞ்சளாக ஒரு குட்டைக் கொம்பு. குச்சியால் தொடப் போனதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்தருகில் நீல நிறத்தில் இரண்டு பெரிய கண்கள் விழித்தன. அவை கண்ணே இல்லை, தோலில் இருக்கும் பொட்டுகள். அது தெரிந்த பிறகும் என் கை தானாகப் பின்னால் வந்தது.

அம்மா விளக்குமாற்றோடு வந்துவிட்டார். “பாட்டி, வேணாம் பாட்டி, நான் வளக்கறேன்” என்று மகள் குறுக்கே நின்றாள். அன்றைக்கு அவள் ஜெயித்தாள். பழைய பிளாஸ்டிக் வாளியில் மண்ணும் சருகும் போட்டு, மேலே கொசுவலைத் துணி கட்டி, புழுவைக் கிளையோடு உள்ளே வைத்தோம்.

சுவர்க்கறைக்கு ஆள் யார் என்று தேட வேண்டியதில்லை. கொய்யா பழுக்கும் நாட்களில் ஏழு மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுக் கொல்லைப் படியில் உட்கார்ந்தால் போதும். இலைக்குள் சடசடவென்று ஒரு சத்தம், ஒரு கறுப்பு உருவம், கிளை ஆடும், பழம் போயிருக்கும். குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். பழத்தை அந்த மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது. வாயில் கவ்விக்கொண்டு பக்கத்தில் ஒரு மறைவான கிளைக்குப் போய், மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். விழுங்கியதும் அரைமணி நேரம் போலத்தான் வயிற்றில் தங்கும். பறக்கிற பிராணிக்கு வயிற்றில் சுமை கூடாது. அதனால்தான் போகிற வழியெல்லாம் எச்சம், எங்கள் சுவர் உட்பட.

இந்த இரண்டையும் பற்றி ராத்திரிகளில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கியபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இரண்டுக்கும் அறிவியல் வைத்த பெயர் ஒன்றுதான்.

நந்தியாவட்டைப் புழு வளர்ந்து ஆகப்போகும் பூச்சி ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி போன்ற செடிகள் இதற்கு உணவு. 1758இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் விலங்குகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்து அடுக்கியபோது, ஹாக் மாத்துகளை ஸ்பிங்க்ஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார். இந்தப் புழுக்கள் முன்னுடம்பைத் தூக்கித் தலையைத் தாழ்த்தி அசையாமல் நிற்கும்போது எகிப்தில் பிரமிடுக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்க உடல் சிலை மாதிரியே தெரியும். எங்கள் செடிப் பூச்சிக்கு அவர் வைத்த பெயர் ஸ்பிங்க்ஸ் நேரியீ. ‘அரளியின் ஸ்பிங்க்ஸ்’ என்று சொல்லலாம். பிற்பாடு பேரினம் மாறி இப்போது டாஃப்னிஸ் நேரியீ.

லின்னேயஸிடம் உப்சாலாவில் படித்தவர் மார்ட்டின் வால். நார்வேயில் பிறந்தவர், கோபன்ஹேகனில் வேலை பார்த்தவர், அடிப்படையில் செடிகொடி ஆராய்ச்சிக்காரர். அவர் 1797இல் ஒரு வௌவாலை விவரித்து அதற்கு ஸ்பிங்க்ஸ் என்று பெயர் வைத்தார். ஆசிரியர் பூச்சிக் கூட்டத்துக்குக் கொடுத்த பெயரை மாணவர் வௌவாலுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வௌவால் எங்கிருந்து கிடைத்தது என்று பார்த்தால், தரங்கம்பாடி! கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகக் கடற்கரையோரமாகவே போனால் வருகிற ஊர். அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது; 1845இல்தான் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். இங்கிருந்த டேனிஷ் மிஷன் பாதிரிமார்கள் செடி, சங்கு, பூச்சி என்று கிடைத்ததையெல்லாம் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தென்னாசியா முழுக்கவும் சீனா, இந்தோனேசியா வரைக்கும் பரவியிருக்கும் ஒரு வௌவாலுக்கு, உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதும் பிறந்த ஊர் நம்ம தரங்கம்பாடி. இன்றைய பெயர் கைனோப்டெரஸ் ஸ்பிங்க்ஸ். முன்பகுதிக்கு ‘நாய்ச் சிறகு’ என்று பொருள். முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அந்த நாய் எங்கிருந்து வந்தது என்று புரியும். பெரிய கண்ணும் ஈரமூக்குமாக நாய்க்குட்டியேதான்.

இவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரொம்பப் பேருக்கு முதலில் தோன்றுவது, வௌவால் இந்தப் பூச்சியைத் தின்றுவிடுமே என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் கொய்யா வௌவால் தின்னாது. பழம், பூந்தேன், சில இலைகள், அதோடு சரி. பூச்சி தின்கிற வௌவால்கள் வேறு. தெருவிளக்கைச் சுற்றி அந்தியில் சிட்டுக்குருவியைவிடச் சிறியதாகத் துடித்துத் துடித்துப் பறக்கின்றனவே, அவைதான். அவை நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, எதிரொலியை வைத்து இருட்டில் பூச்சியைப் பிடிக்கும். ஹாக் மாத்துகளில் சில அந்த ஒலியைக் கேட்டு விலகும். வாய்ப்பக்கத்தில் இருக்கும் உணர்கொம்பு மாதிரியான ஓர் உறுப்பால் கேட்கும் என்று 1960களிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்னும் சில, பதிலுக்குத் தாமே ஒலி எழுப்பும் என்று 2013இல் போர்னியோவில் பிடித்த பூச்சிகளை வைத்துக் காட்டினார்கள். அது ஒரு தனிப் போர்க்களம். கொய்யா வௌவாலுக்கு அதில் பங்கில்லை. அது கண்ணாலும் மூக்காலும் வழி தேடுகிறது. கொய்யா கனிகிற வாசனையை அம்மாவுக்கு முந்தி அதுதான் பிடிக்கும்.

எதிரிகள் இல்லை என்று தெரிந்த பிறகு என் பார்வையே மாறிவிட்டது. இரண்டும் ஒரே பிழைப்பைப் பிழைக்கின்றன. பகலில் பச்சைக்குள் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகு செடிகள் தரும் இனிப்பைத் தேடிப் பறப்பது. அந்தப் பிழைப்புக்கு ஒன்று எலும்போடும் பாலோடும் வந்திருக்கிறது, இன்னொன்று செதிலோடும் கூட்டுப்புழுவோடும் வந்திருக்கிறது.

சிறகையே எடுத்துக்கொள்வோம். வௌவாலின் சிறகு என்பது கைதான். நம் கையில் இருக்கிற அதே விரல் எலும்புகள், நீண்டு மெலிந்து, நடுவில் தோல் விரித்து. கட்டைவிரல் மட்டும் குட்டையாக வெளியே நிற்கும். அதில் நகம் உண்டு, கிளையைப் பிடிக்க. எங்கள் வௌவால் சிறகை விரித்தால் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எடையோ ஒரு கோழிமுட்டை அளவுகூட வராது. அந்துப்பூச்சியின் சிறகில் எலும்பும் இல்லை, தசையும் இல்லை. அசைக்கிற தசையெல்லாம் நெஞ்சுக்குள்ளே. சிறகின் மேலே ஓடு வேய்ந்தது மாதிரி அடுக்கிய செதில்கள். பூச்சியைப் பிடித்தால் விரலில் மாவாக ஒட்டுகிறதே, அது அந்தச் செதில்தான்.

பூக்களும் இவர்களுக்குத் தனித்தனியாக வேலை செய்கின்றன. இலுப்பை, இலவம், வாழை மூன்றும் வௌவாலுக்குத் தோதானவை. தடித்த பூ, நிறையத் தேன், கொஞ்சம் புளித்த மணம். வௌவால் வந்து தொங்கிக்கொண்டு முகத்தை உள்ளே விட்டாலும் ஒடியாது. ஹாக் மாத் பூவில் உட்காராது. ஹெலிகாப்டர் மாதிரி ஒரே இடத்தில் நின்றபடி, கடிகார ஸ்பிரிங்காகச் சுருட்டி வைத்திருக்கும் நீள உறிஞ்சியை நீட்டும். அதற்கான பூக்கள் வெள்ளையாக, நீளக் குழலோடு, ராத்திரியில் மணப்பவை. கடலூரில் மரமல்லி பூக்கிற காலத்தில் சில தெருக்களுக்குள் நுழையும்போதே மணக்கும். அந்தப் பூவின் குழலைப் பாருங்கள், விரல் நீளம். அதன் அடியில் இருக்கும் தேனை வௌவால் வாயால் எட்ட முடியாது. ராத்திரி மணக்கிற பூக்களை நாம் தலையில் வைத்துக்கொள்கிறோம், சாமிக்குப் போடுகிறோம். அந்த மணம் யாரைக் கூப்பிடுவதற்காக உண்டானது என்று நாற்பது வயது வரைக்கும் நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பிள்ளை வளர்க்கிற விதம்தான்.

பக்கத்து வீட்டு நெட்டிலிங்கத்தின் கீழே சில வாரங்களாக விடிந்தால் பச்சை இலையும் குச்சித் துணுக்கும் சிதறிக் கிடந்தன. ஆண் வௌவால் வீடு கட்டுகிறது. நெட்டிலிங்கம் தழைந்து தொங்கும் மரம் அல்லவா, அதன் உள்பக்கத்துக் குச்சிகளையும் இலைகளையும் பல்லால் கடித்துக் கடித்து எடுத்து, கூடாரம் மாதிரி ஒரு பொந்து உண்டாக்கும். ஒருநாள் இரண்டு நாள் வேலை இல்லை, வாரக்கணக்கு. கூந்தற்பனையில் காய்க்குலையின் நடுவைக் குடைந்தும் செய்யும். கட்டி முடித்துவிட்டு அங்கேயே இருந்து காக்கும். பெண் வௌவால்கள் வந்து தங்கும். “வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு” என்று நாம் சொல்கிறோம். அந்த வீட்டைக் கட்ட ஒருவர் பட்ட பாடு பழமொழியில் வரவில்லை.

பெண் வௌவால் ஒரு ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டி போடும். வருஷத்துக்கு இரண்டு ஈற்று. பிறந்த குட்டி தாயின் முலையைக் கவ்விக்கொண்டு அவள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுமந்துகொண்டே அவள் பறப்பாள். வளர்ந்து பாரம் கூடிய பிறகுதான் தங்கும் இடத்தில் விட்டுவிட்டு இரைக்குப் போவாள்.

அந்த ஆனியிலேயே ஒருநாள் பெரிய காற்று அடித்தது. மறுநாள் காலையில் மதிலோரம் ஒரு குட்டி விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் குச்சியோடு நின்றார். “தம்பி, தொடாதீங்க, நிபா வரும்” என்றார். அவர் பயத்தைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்து மனிதர்கள் செத்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த நோயோடு முதன்மையாகச் சேர்த்துப் பேசப்படுவது ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்குமே, அந்தப் பெரிய பழந்தின்னி. ஆனாலும் எந்த வௌவாலையும் வெறும் கையால் தொடக் கூடாது. கடித்துப் போட்ட பழத்தைத் தின்னவும் கூடாது. சின்ன வயதில் வௌவால் போட்ட பாதாங்கொட்டையைப் பொறுக்கிக் கல்லால் உடைத்துத் தின்றவன் நான். என் மகளை அப்படித் தின்ன விடமாட்டேன்.

தடித்த தோட்டக் கையுறை போட்டு, பழைய துண்டால் குட்டியை எடுத்தேன். ஒரு சின்ன மூங்கில் கூடையில் சாக்கை விரித்து அதைத் தொங்கவிட்டு, கூடையை நெட்டிலிங்கத்தின் அடிமரத்தில் ஆள் எட்டாத உயரத்தில் கட்டினோம். ஏணியைப் பிடித்தது அதே அண்ணன்தான். பகலெல்லாம் அது கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. இருட்டியதும் எல்லோரும் உள்ளே போய்விட்டோம். எட்டு மணிக்குமேல் சத்தம் நின்றது. டார்ச் அடித்துப் பார்க்க மகள் துடித்தாள், நான் விடவில்லை. காலையில் கூடை காலி. கீழே ஒன்றும் விழுந்து கிடக்கவில்லை. தாய் வந்து தூக்கிப் போயிருக்கிறாள் என்றுதான் நம்புகிறேன்.

இப்போது பூச்சியின் கதைக்கு வாருங்கள். நந்தியாவட்டைப் பூச்சியின் தாய் தன் பிள்ளையைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு முட்டையாக, வெளிர்பச்சையில், இலைக்கு ஒன்று என்று ஒட்டிவிட்டுப் போய்விடுகிறாள். ஆனால் அந்த இலையைத் தேர்ந்தெடுப்பதில் பிசகுவது இல்லை. இருட்டில், நூறு செடிகளுக்கு நடுவே, தன் பிள்ளை தின்னக்கூடிய செடியை மோப்பத்தால் கண்டுபிடிக்கிறாள். அரளியைப் பாருங்கள், மாடு ஆடு எதுவும் வாய் வைக்காது. இதயத்தை நிறுத்தும் நஞ்சு அது. அந்த இலையைத் தின்று இந்தப் புழு கொழுக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். “அரளியைத் தின்னுட்டு உசுரோட இருக்குதா!” என்று கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் விளக்குமாற்றை எடுக்கவில்லை. வௌவால் தாய் கொடுக்கிற பாலுக்கு ஈடாக, பூச்சித் தாய் கொடுப்பது இடத்தை. அதைச் சரியாகக் கொடுத்துவிட்டால் மீதியைப் புழு பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாம் நாள் புழுவின் பச்சை மங்கிப் பழுப்பானது. தின்பதை நிறுத்திவிட்டு வாளிக்குள் சுற்றிச் சுற்றி நடந்தது. மகள் அழுதேவிட்டாள், செத்துப்போகப் போகிறது என்று. மறுநாள் சருகுக்கு அடியில் புகுந்து கூட்டுப்புழுவானது. பன்னிரண்டு நாள் கழித்து, ராத்திரி எட்டு மணிக்கு, வாளியின் சுவரில் ஏதோ ஏறுகிற சத்தம் கேட்டது. ஈரமாக, கசங்கிய துணி மாதிரி சிறகோடு ஒன்று கொசுவலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. உடம்புக்குள் இருக்கும் நீரைச் சிறகு நரம்புகளுக்குள் அழுத்தி அழுத்தி அது சிறகை விரித்தது. விரிய விரிய நிறம் தெரிந்தது. பாசிப்பச்சை, வெண்பச்சை, ரோஜா நிறத்தில் கீற்று, ராணுவ உடுப்பு மாதிரி சுழித்துச் சுழித்து. சிறகை விரித்தால் பத்து சென்டிமீட்டர் இருக்கும். உறிஞ்சி அப்போது இரண்டு தனி இழைகளாக இருந்தது. அதைச் சுருட்டியும் நீட்டியும் ஒன்றாகச் சேர்த்தது. வெளியே வரும்போது இரண்டு பாதிக் குழாய்களாக இருப்பதைப் பூச்சி தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் அதற்குச் சாப்பாடு இல்லை.

அப்புறம் அது நடுங்கத் தொடங்கியது. “குளிருதாப்பா?” என்று மகள் கேட்டாள். குளிர்தான் ஒரு வகையில். நெஞ்சுத் தசை நன்றாகச் சூடாகாமல் ஹாக் மாத் பறக்க முடியாது. அதனால் சிறகை அதிரவைத்துத் தன் உடம்பைத் தானே சூடேற்றிக்கொள்ளும். வௌவால் வெப்பரத்தப் பிராணி, பூச்சி அப்படி இல்லை என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் பறக்கிற நேரத்தில் இந்தப் பூச்சியின் நெஞ்சும் நம் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இரண்டு உயிர்களும் ராத்திரியில் பறப்பதற்காகக் கொடுக்கிற விலை ஒன்று, சூடு. அதற்கு எரிபொருள் சர்க்கரை. ஒன்று கொய்யாவில் எடுக்கிறது, ஒன்று மல்லிகையில் எடுக்கிறது.

மூன்று நிமிஷம் போல நடுங்கிவிட்டு நேராக மேலே ஏறிப் போய்விட்டது. இனி அதற்கு இருப்பது சில நாட்கள், அதிகம் போனால் இரண்டொரு வாரம். அதே நேரம் நெட்டிலிங்கத்திலிருந்து புறப்படுகிற வௌவாலுக்கு இன்னும் எத்தனையோ கொய்யாக்காலங்கள் பாக்கி. ஆனால் அந்தச் சில நாட்களை இளப்பமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த இனத்துப் பூச்சிகள் கோடையில் ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியதரைக்கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்கே பறந்து போகின்றன.

பக்கத்து வீட்டில் நெட்டிலிங்கத்தை வெட்டிவிடலாமா என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வௌவால் அடைவது வீட்டுக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டமே ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், எலி, சுண்டெலியோடு பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர்ப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டது. நான் அண்ணனிடம் சட்டம் பேசவில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் ஊர்ப் பக்கம் கரை ஏறியபோது தெருவில் என்னென்ன மரம் விழுந்தது என்று இருவரும் எண்ணினோம். வேம்பு இரண்டு, முருங்கை எல்லாம், அவர் வீட்டு மா. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை அவர் வண்டியில் போய்ப் பார்த்தவர். அந்தக் காற்றுக்கு நின்ற மரங்கள் இந்த நாலுதான். “இருக்கட்டும் தம்பி” என்றார். சுவர்க்கறைக்கு என்ன செய்வது என்று கேட்டார். பழுக்கிற காலத்தில் கொய்யாக்குலைக்குத் துணிப்பை கட்டினால் வரவு குறையும் என்றேன். பாதிக் குலைக்குக் கட்டினோம், பாதியை விட்டோம்.

கொல்லை விளக்கை இப்போது ஏழு மணிக்கு மேல் நாங்கள் போடுவதில்லை. நந்தியாவட்டைக்கு மருந்து அடிப்பதையும் நிறுத்திவிட்டோம். புழு தின்றால் தின்கிறது, இரண்டு மழைக்குச் செடி மறுபடி தழைத்துவிடுகிறது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் அம்மா நந்தியாவட்டையில் ஒரு கிளையை ஒடித்து மதிலோரம் ஊன்றினார். பூ போதவில்லையா என்று கேட்டேன். “பழைய செடி சாமிக்கு, இது புழுவுக்கு” என்றார். எந்தச் செடி யாருக்கு என்பதைப் பூச்சியிடம் யார் சொல்வது என்று மகள் கேட்டாள். அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. தை மாதம் பார்த்தபோது முட்டை பழைய செடியில்தான் இருந்தது. அம்மா புதுச்செடியில் பூப்பறித்துக்கொண்டிருக்கிறார்.